மாசியில் குழி, ஆடியில் கன்று: வேலூர் வெயிலுக்கு ஏற்ற வீட்டுத் தோட்டம்

'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்பார்கள். வேலூரில் அந்தத் துளைப்பெல்லாம் காலை ஏழரை மணி வரைதான். எட்டு மணிக்கு மேல் மலைப்பாறை சூடேறத் தொடங்கினால் பனியாவது ஒன்றாவது. மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு என்று நம் ஊரைக் கேலி செய்வதை எல்லோரும் கேட்டிருப்போம். அந்த மலைக்கும் ஆற்றுக்கும் நடுவில்தான் நம் தோட்டம் பிழைத்தாக வேண்டும்.

மாசியும் பங்குனியும் நம் கணக்கில் பின்பனிக்காலம். குளிர் நாட்டுத் தோட்ட வீடியோக்களில் பின்பனி முடிந்ததும் வசந்தம் வரும், நட்டதெல்லாம் தழைக்கும். நமக்கு வருவது கத்திரி. மே 4-ஆம் தேதி வாக்கில் தொடங்கி 28 வரை அக்னி நட்சத்திரம். 40 டிகிரியைத் தாண்டும் நாட்களை எண்ணிக்கொண்டே இருக்கலாம். மாசியில் ஆசையாக வாங்கி நட்ட மாங்கன்று வேர் பிடிப்பதற்குள் அந்த வெயிலில் மாட்டிக்கொள்ளும். அதனால் நான் சொல்லும் வரிசை இதுதான்: மாசியில் அளந்து, தோண்டி, கழித்து, மூடி வையுங்கள். மரக்கன்று நடுவதை ஆடிக்குத் தள்ளுங்கள். வடாற்காட்டுப் பக்கத்துக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஆடி, ஆவணியில் சாயங்கால இடிமழை, அப்புறம் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை என்று இரண்டிலும் நமக்குப் பங்கு கிடைக்கும். ஆடியில் நட்ட கன்றுக்கு அடுத்த கோடைக்கு முன் ஐந்து மாத ஈரம் கைவசம்.

முதல் வேலை: நிழலை அளப்பது

பெரும்பாலானவர்கள் தவறு செய்வது இந்த இடத்தில்தான். நானும் செய்தேன். ஒரு மாசி மாதம் எங்கள் வீட்டின் வடக்குச் சுவரோரம் நாள் முழுக்க நிழலாக, குளுகுளுவென்று இருந்தது. வெற்றிலைக் கொடிக்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்று நட்டுவிட்டேன். சித்திரையில் இலை ஓரம் பழுப்பேறியது. வைகாசியில் மொத்தக் கொடியும் அப்பளம்.

காரணம் எளிது. வேலூர் ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. மாசியில் உச்சிச் சூரியன் நமக்குத் தெற்கே சாய்ந்திருப்பதால் நிழல் வடக்கே விழும். பிப்ரவரி நடுவில் 10 அடிச் சுவருக்கு உச்சி வேளையில் சுமார் 5 அடி நிழல். ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்துவிடும், நிழலே இருக்காது. அதன்பின் ஆகஸ்டு நடு வரை உச்சிச் சூரியன் வடக்கே போய்விடும். ஜூன் மாதம் அதே சுவரின் நிழல் தெற்குப் பக்கம் 2 அடி விழும். அதாவது இன்று நீங்கள் பார்க்கும் வடக்கு நிழல் கோடையில் அங்கே இருக்காது.

அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். ஒரு நேரான குச்சியை நட்டு வையுங்கள். பிப்ரவரியில் நமக்கு உச்சிவேளை பன்னிரண்டு மணிக்கு வராது, ஏறக்குறைய பன்னிரண்டரைக்குத்தான். அந்த நேரத்துக் குச்சி நிழல் காட்டும் திசை சரியான வடக்கு. அதைத் தரையில் சுண்ணாம்புக் கோடாகப் போட்டுவிட்டு, காலை ஒன்பது, உச்சி, மாலை நான்கு என்று மூன்று வேளையும் வீட்டு நிழல், பக்கத்து வீட்டு நிழல், தண்ணீர்த் தொட்டி நிழல் எல்லாவற்றின் எல்லையையும் குறித்துக்கொள்ளுங்கள். சித்திரையில் ஒரு முறை, ஆனியில் ஒரு முறை இதையே திரும்பச் செய்தால் உங்கள் இடத்தைப் பற்றி எந்த வடிவமைப்பாளரையும்விட உங்களுக்கு அதிகம் தெரியும்.

மேற்குச் சுவர் தனிக் கதை. மாலை வெயிலைக் குடித்துவிட்டு இரவு பத்து மணி வரை அறைக்குள் அனலாக விடும். அந்தப் பக்கம் ஒரு மரம் வந்தே ஆக வேண்டும். ஆனால் ஜன்னலுக்கு நேர் மேற்கே வைக்காதீர்கள். கோடையில் மாலைச் சூரியன் மேற்கிலிருந்து வடக்கே விலகித்தான் இறங்குகிறது, அதனால் மரத்தைக் கொஞ்சம் வடமேற்காகத் தள்ளி வைத்தால்தான் நான்கு மணி நிழல் ஜன்னலில் விழும்.

வரைபடம்

கட்டம் போட்ட தாளில், ஒரு கட்டத்துக்கு 2 அடி என்று வைத்துக்கொண்டு வீடு, மதில், கேட், போர் (ஆழ்துளைக் கிணறு), சம்ப், செப்டிக் டேங்க், கழிவுநீர்க் குழாய், மேலே போகும் மின்கம்பி எல்லாவற்றையும் போடுங்கள். துணி காயப்போடும் இடத்தையும் வண்டி திரும்பும் இடத்தையும் விட்டுவிடாதீர்கள். ஒரு கிரவுண்ட் (2,400 சதுர அடி) மனையில் 1,100 சதுர அடிக்கு வீடு கட்டினால் 1,300 சதுர அடி மிச்சம். பாதைக்கும் வண்டிக்கும் போனதுபோக நிஜமாகச் செடிக்கு வருவது அதில் பாதி இருந்தால் அதிகம். மொத்தத்துக்கும் டைல்ஸ் கல் பதித்துவிட்டு ஓரத்தில் இரண்டு தொட்டி வைப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவாது.

மண்

வேலூர்ப் பக்கம் மலையடியில் சரளை, நடுவில் செம்மண், பாலாற்றோரம் மணல் கலந்த மண். ஆனால் புதிதாகக் கட்டிய வீட்டில் இவை மூன்றுமே இருக்காது. மேலே ஒரு சாண் மண், கீழே செங்கல் துண்டு, எம்-சாண்ட் மிச்சம், சிமெண்ட் கழுவிய பால் கெட்டிப்பட்ட கட்டி. சிமெண்டில் உள்ள சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மையை ஏற்றிவிடும். மதிலோரம் இட்லிப்பூச் செடி வைத்துப் பாருங்கள், அதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். இளந்தளிர் மஞ்சளாக, நரம்பு மட்டும் பச்சையாக வந்தால் இரும்புச்சத்து எடுக்க முடியாமல் தவிக்கிறது என்று அர்த்தம். மண்ணில் இரும்பு இருக்கும், சுண்ணாம்பு அதைப் பூட்டி வைத்திருக்கும். மதிலிலிருந்து 2 அடிக்கு உள்ள மண்ணை ஒன்றரை அடி ஆழம் தோண்டி, கட்டிகளைப் பொறுக்கி எறிவதுதான் வழி. முதுகு வலிக்கும், வேறு குறுக்கு வழி இல்லை.

மண்ணின் குணம் தெரிய ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மிச்சம் தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் அடியில் உட்காருவது மணல், சில மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல், மறுநாள் மேலே மெல்லிய பட்டையாகத் தெரிவது களி. அடுத்தது வடிகால் சோதனை. ஓர் அடி ஆழக் குழியில் தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, இரண்டாவது முறை நிரப்பி நேரம் பாருங்கள். கால் மணிக்குள் காலியானால் சரளை, எரு நிறையச் சேர்க்க வேண்டும். நான்கு மணி நேரம் ஆகியும் தேங்கி நின்றால் அடியில் கெட்டித் தரை இருக்கிறது, அதை உடைக்காமல் மாதுளையோ எலுமிச்சையோ வைத்தால் வேர் அழுகும்.

எரு போடுவதற்கு முன்பே மண் பரிசோதனைக்கு மாதிரி எடுத்துவிடுங்கள். எட்டுப் பத்து இடத்தில் 'வி' வடிவில் 6 அங்குல ஆழம் வெட்டி, பக்கவாட்டிலிருந்து ஒரு பட்டை சுரண்டி, எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளிக்கொண்டே வந்து அரைக் கிலோ மிச்சம் வையுங்கள். நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டினால் போதும். வேளாண் துறை ஆய்வகத்தில் கேளுங்கள். விரிஞ்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது, கோயிலுக்குப் போகிற நாளில் ஓர் எட்டு எட்டிப் பார்க்கலாம்.

வெளியிலிருந்து மண் அடிப்பதைப் பற்றி என் வயிற்றெரிச்சலைச் சொல்லியாக வேண்டும். ஒரு முறை டிப்பரில் ஒரு லோடு செம்மண் இறக்கினேன். கொண்டுவந்தவர் 'சுத்தமான தோட்டத்து மண் சார்' என்றார். பார்க்கவும் அழகாகத்தான் இருந்தது. முதல் மழைக்குப் பத்தாம் நாள் பளபளவென்று ஊசி ஊசியாகக் கோரை. இழுத்தால் மேல் புல் மட்டும் கையோடு வரும். தோண்டினால் கறுப்புக் கொட்டை ஒன்று, அதிலிருந்து கம்பி மாதிரி ஒரு வேர், அதன் முனையில் இன்னொரு கொட்டை, அப்புறம் இன்னொன்று. கிள்ளி முகர்ந்தால் மருந்துக்கடை வாசனை. அந்த ஒரு லோடோடு இன்றைக்கும் போராடிக்கொண்டிருக்கிறேன். மண் வாங்கினால் ஒரு பை மட்டும் முதலில் வாங்கி, நனைத்து, இரண்டு வாரம் வைத்து என்ன முளைக்கிறது என்று பார்த்துவிட்டு லோடு சொல்லுங்கள். மாட்டெருவுக்கும் இதே கதைதான். மக்காத எருவில் விரல் பருமனுக்கு வெள்ளைப் புழு சுருண்டு கிடந்தால் அது காண்டாமிருக வண்டின் குழந்தை. தென்னை வைத்திருப்பவர்கள் அந்த எருவைத் தெருவோடு திருப்பி அனுப்புங்கள்.

கோரை ஏற்கெனவே இருந்தால் மாசி, பங்குனியில் மண்ணைப் புரட்டிப் போட்டுக் கொட்டைகளை வெயிலில் காயவிடுவதே பயன் தரும். ஈர மண்ணின் மேல் தெளிவான பாலித்தீன் விரித்து ஆறு வாரம் வெயிலில் வேகவைக்கும் முறையும் உண்டு. நூற்புழுவுக்கும் சாதாரணக் களை விதைகளுக்கும் அது நல்ல வைத்தியம், கோரை மட்டும் ஆழத்தில் ஒளிந்துகொண்டு தப்பும்.

தண்ணீர்

நம் பக்கத்தில் தோட்டத்தின் தலையெழுத்தை எழுதுவது போர் தண்ணீர்தான். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்த கதை 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. அந்தப் பக்கம் இல்லாவிட்டாலும் ஆழப் போட்ட போரில் உப்பு இருக்கத்தான் செய்யும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி அளந்துவிடுங்கள். 500-க்குள் இருந்தால் எதையும் நடலாம். 2,000 வரை கவனமாகப் போக வேண்டும். அதற்கு மேல் போனால் எலுமிச்சை, ரோஜா, பீன்ஸ் ஆசையை விட்டுவிட்டு சப்போட்டா, தென்னை, புங்கன், வேம்பு, அரளி, காகிதப்பூ என்று உப்பைத் தாங்குகிற கூட்டத்தோடு சேருங்கள். அரளி மட்டும் விஷம், சின்னக் குழந்தையோ ஆடோ இருக்கிற வீட்டில் யோசித்து வையுங்கள்.

உப்புத் தண்ணீரைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதுதான் ஆகக் கெட்ட பழக்கம். தண்ணீர் ஆவியாகும், உப்பு மேல் மண்ணிலேயே வெள்ளையாகப் பூத்து நிற்கும். நான்கு நாளுக்கு ஒரு முறை ஆழமாக விட்டால் உப்பு வேருக்குக் கீழே இறங்கும். ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள், அதில் உப்பு இன்னும் செறிந்திருக்கும். குளியல் தண்ணீரைக் கல்வாழைப் பாத்திக்கும் வாழைக்கும் திருப்பலாம்.

உப்பைக் கழுவ மழையை மிஞ்சிய மருந்து கிடையாது. 1,000 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை விழுந்தாலே 900 லிட்டருக்கு மேல் தண்ணீர். அந்தக் குழாயைத் தெருச் சாக்கடையில் விடாமல், மழைநீர் சேகரிப்புக் குழிக்குப் போகும் வழியில் பாத்திகளைத் தொட்டுப் போகிற மாதிரி வாய்க்கால் எடுங்கள். சரிவு பார்க்கப் பள்ளிப்பிள்ளை வேலைதான்: ஒரு நீளமான தெளிவான குழாயில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் பிடித்தால் மட்டம் தெரிந்துவிடும். கொத்தனார்கள் செய்வதும் அதுவே.

புல்தரை கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. கோடையில் புல்லுக்கு நாளுக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீராவது வேண்டும். 500 சதுர அடிக்கு அது சுமார் 230 லிட்டர், தினமும். லாரித் தண்ணீர் வாங்கும் தெருவில் இருந்துகொண்டு இதைச் செய்ய வேண்டுமா என்பது அவரவர் விருப்பம். எனக்கு மனசு வராது.

எந்த மரம், எங்கே

சின்ன மனைக்குப் பெரிய மரம் ஒன்றே ஒன்று. என் ஓட்டு புங்கனுக்கு. தை, மாசியில் இலை கொட்டிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் பளிச்சென்று புதுத் தளிர் விட்டுக் குடை பிடிக்கும். நமக்கு நிழல் வேண்டிய மாதம் எதுவென்று தெரிந்த மரம். வேம்பும் அப்படித்தான், சித்திரைப் பிறப்பு பச்சடிக்குப் பூவும் தரும், ஆனால் வீட்டிலிருந்து 15 அடியாவது தள்ளி வையுங்கள்.

முருங்கையை முன்வாசலில் வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னதற்குப் பேய் பிசாசு காரணமில்லை. கிளை சொத்தென்று முறியும், மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அப்பிக்கொள்ளும். பின்பக்க மூலையில், கம்பிக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். செப்டிக் டேங்க், சம்ப் அருகே எந்த மரமும் வேண்டாம். ஆல், அரசு இன மரங்களை மனைக்குள்ளேயே விடாதீர்கள். நடுத்தர இடங்களுக்குக் கொய்யா, மாதுளை, சீத்தா, நெல்லி போதும், பாத்ரூம் தண்ணீர் போகிற வழியில் ஒரு வாழை.

குழி

இதை மாசியிலேயே செய்யச் சொல்வதற்குக் காரணம் கடப்பாரை. கார்த்திகை, மார்கழியில் இறங்கிய ஈரம் இன்னும் அடிமண்ணில் மிச்சமிருக்கும், கடப்பாரை இறங்கும். சித்திரையில் அதே செம்மண்ணில் குத்திப் பாருங்கள், 'ணங்' என்று திருப்பி அடிக்கும், கூலியும் இரட்டிப்பாகும்.

மா, சப்போட்டா, தென்னைக்கு நீளம், அகலம், ஆழம் மூன்றும் 3 அடி. எலுமிச்சைக்கு இரண்டரை. மாதுளைக்கு 2. கொய்யா, முருங்கைக்கு ஒன்றரை போதும், மண் சரளையாக இருந்தால் 2 ஆக்குங்கள். மேல் ஓரடி மண்ணை ஒரு பக்கமும் கீழ்மண்ணை இன்னொரு பக்கமும் குவியுங்கள், இரண்டையும் கலந்துவிட்டால் அப்புறம் பிரிக்க முடியாது. குழியைக் கோடை முழுக்கத் திறந்தே விடுங்கள், வெயில் உள்ளே இறங்கட்டும். தெருவில் பிள்ளைகள் விளையாடினால் மேலே பழைய கதவோ பலகையோ போட்டுக் கல் வையுங்கள். மலையடியில் இரண்டடியில் பாறை தட்டினால் அதோடு மல்லுக்கு நிற்காமல் நான்கடி தள்ளித் தோண்டுங்கள்.

கவாத்து

கவாத்து என்றால் கிளை கழிப்பது. முல்லையை ஜனவரி கடைசி வாரத்தில் ஒன்றரை அடி உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். தாமதமாகியிருந்தால் இந்த வாரமே. குண்டுமல்லியைத் தொடாதீர்கள், அதற்கு நவம்பர் கடைசியே காலம், இப்போது மொட்டுக்குத் தயாராகிக்கொண்டிருக்கும். சீத்தா இலையுதிர்த்து நிற்கும்போது காய்ந்த, குறுக்கே ஓடிய கிளைகளை எடுக்கலாம். மா பூத்திருந்தால் அரிவாளும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். பிஞ்சு பட்டாணி அளவு வரட்டும், பிறகு பாய்ச்சுங்கள். மேற்குப் பக்க மரங்களின் கிளையை 'அழகுபடுத்த' ஆள் வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். கோடைக்கு முன்னால் நிழலை வெட்டுவது வயிற்றில் ஈரத்துணிக்கு ஏற்பாடு செய்வது மாதிரி.

மூடாக்கு, பானை

தை, மாசியில் தெருவெல்லாம் புங்கன், வேப்பிலைச் சருகு. பெருக்கிக் கொளுத்துவதற்குள் நான்கு சாக்கில் அள்ளிக்கொள்ளுங்கள். நிலக்கடலை உடைக்கும் மில்லில் தோல் கிடைக்கும், அதுவும் அருமை. நன்றாகத் தண்ணீர் பாய்ச்சிய பிறகு செடியைச் சுற்றி மண்மேல் மூன்று அங்குலக் கனத்துக்குப் பரப்புங்கள், ஈரம் காக்கும் இந்தப் போர்வைதான் மூடாக்கு. தண்டைச் சுற்றி நான்கு விரல் இடம் விட்டால் கரையான் ஏறாது.

பொங்கல் பானை பரணில் சும்மா கிடக்கிறதா? சாயம் பூசாத மண்பானையாக இருந்தால், சின்னச் செடிகளின் பக்கத்தில் கழுத்து மட்டும் தெரிகிற மாதிரி புதையுங்கள். நிரப்பி மூடியால் மூடினால் ஓட்டின் நுண்துளை வழியே தண்ணீர் கசிந்து வேருக்குப் போகும். புதைக்கும் முன் ஒரு சோதனை: தண்ணீர் நிரப்பித் தாழ்வாரத்தில் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் வெளிப்புறம் வியர்த்தால் நல்ல பானை, காய்ந்தே இருந்தால் ஊறுகாய்க்கு வைத்துக்கொள்ளலாம். உப்புத் தண்ணீர் வீடுகளில் ஒரு கோடையில் துளைகள் அடைபட்டுவிடும், அடுத்த பொங்கலுக்கு மாற்றிவிடுங்கள்.

இப்போதே விதைக்கலாம்

மரத்துக்குத்தான் ஆடி வரை காத்திருப்பு. வெண்டை, கொத்தவரை, பீர்க்கன், சுரை, பூசணி, வெள்ளரி, கீரை எல்லாம் தை, மாசியில் போடலாம். கத்தரி என்றால் நம் ஊர் முள்ளுக் கத்தரிதான். அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியில் விளையும் இதற்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பிலும் இலையிலும் முள் குத்தும், குழம்பில் அதன் ருசிக்கு வேறு கத்தரி நிற்காது. நாற்று ஒரு மாதத்தில் தயாராகும், நடும்போது மேற்குப் பக்கம் ஒரு தென்னங்கீற்றைச் சாய்த்து வையுங்கள்.

வீடியோக்களில் காட்டும் மேட்டுப் பாத்தி கோடைக்கு ஆகாது, நாலாப் பக்கமும் காய்ந்துவிடும். தரையைவிட அரையடி தாழ்வான பள்ளப் பாத்தி எடுங்கள், விட்ட தண்ணீர் அங்கேயே நிற்கும். ஐப்பசியில் அதையே மேடாக்கிக்கொள்ளலாம்.

குழிக்குத் திரும்புவோம். வைகாசி, ஆனியில் ஒரு நல்ல கோடை மழை பெய்ததும் மேல்மண், மக்கிய எரு 10 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 1 கிலோ கலந்து நிரப்புங்கள். கீழ்மண்ணைக் கடைசியில் மேலே போட்டு, தரையைவிட ஒரு சாண் உயர்த்தி விடுங்கள், அடுத்தடுத்த மழையில் எப்படியும் அமுங்கும். நடுவில் ஒரு குச்சியை ஊன்றி வைத்துவிட்டு, கன்று வாங்கக் கிளம்ப ஆடி முதல் மழை வரை பொறுங்கள்.